ஏழாம் படிக்கு ஒரு சாட்சி

பாறசாலை,
23-11-1998

என் அன்பு மகள் ஜிஜிக்கு,

தாய்மாமன் சத்தியதாஸ் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் உன் ஜெஸி மாமியும், வேலிக்கு அந்தப்பக்கம் உன் அம்மாவும், தொழுவத்தில் பசுவும் ஆளுக்கொரு இருமலோடு சுகமாக இருக்கிறோம். மஸ்கட்டில் நீயும் வேளைக்கு உண்டு உறங்கிச் சுகமாக இருக்கவேண்டுமென்று காலையும் மாலையும் ஜெபிக்கிறோம், பசுவைத் தவிர. இங்கே ஐப்பசியில் தொடங்கிய மழை கார்த்திகை பிறந்தும் ஓயவில்லை. போன மாதம் ஒரு நாள் நெய்யாற்றங்கரையிலிருந்து பாறசாலைவரை டிரைவர் பஸ்ஸை ஓட்டவில்லை, படகு மாதிரித் துழைந்துதான் கொண்டுவந்தார். அமரவிளையில் ஒரு விரால் மீன் முன்வாசல் வழியாக ஏறி எனக்குச் சில்லறை நீட்டியது என்று சொன்னால் நீ நம்பமாட்டாய், ஆகவே சொல்லவில்லை.

உன் கடிதம், நான் பம்பை ஸ்பெஷல் பஸ்ஸில் டூட்டிக்குப் போயிருந்த வாரத்தில் வந்திருக்கிறது. சனிக்கிழமை வந்து பையைக்கூட இறக்காமல் வாசித்தேன். ஆஸ்பத்திரியில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், டிசம்பர் முடியுமுன் போடவேண்டும், அம்மைக்கு என்னைக் காணவேண்டாமென்றால் நான் கிறிஸ்துமஸுக்கு வந்து யார் முகத்தைப் பார்க்க என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியில் என் கண்ணாடி நனைந்துவிட்டது, மழைதான் என்று ஜெஸியிடம் சொன்னேன், அவள் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனாள். மகளே, கையில் பேனா இருந்தால் கீழே வை. இந்தக் கடிதத்தைக் கடைசிவரை வாசித்த பிறகு எடுத்தால் போதும். நீ போன மூன்று வருஷம் மூன்று மாதமாக உன் அம்மா உன்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, பதில் எழுதவில்லை, சுந்தரதாசின் பூத்துக்கு நீ போன் செய்கிற நாளெல்லாம் தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டாள், எல்லாம் உண்மைதான். உன் அப்பா ஈசாக் அத்தான் கத்தாருக்குப் போய் மூன்றாம் வருஷம் பெட்டியில் வந்து இறங்கிய பிறகு, இந்தக் குடும்பத்தில் இனி ஒருத்தரும் அந்தக் கடலைத் தாண்டக்கூடாது என்று அவள் சொன்னதும், அதை மீறி நீ போனதும் உனக்குத் தெரிந்த கதை. உனக்குத் தெரியாத கதை ஒன்று உண்டு. முந்தாநாள்வரை எனக்கும் தெரியாது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் உன் மாமன் எக்ஸ்பிரஸ் பஸ் இல்லை, எல்லா ஸ்டாப்பிலும் நின்றுதான் வருவான், பொறுத்துக்கொள்.

முதலில் நமது சாம்ராஜ்யத்தின் நிலவரம். நீ போகும்போது நம் வசம் இருந்தது ஒரே ஒரு வீடியோ கேம், அத்தான் உனக்கென்று கூட்டாளியிடம் கொடுத்தனுப்பிய அந்த மரப்பலகை முகப்பு வைத்த அட்டாரி. அது வந்து இறங்கிய மாதமே அத்தானும் போய்விட்டதால் அதை என் வீட்டுக்குள் வைக்காதே என்று உன் அம்மா வேலிக்கு மேல் நீட்டினாள், நான் வாங்கிக்கொண்டேன். இப்போது நம்மிடம் ஏழு மெஷின்கள். டெல்லியில் ராஷ்டிரபதி பவனில்கூட ஏழு கிடையாது, விசாரித்துவிட்டேன். இருபது வருஷமாக ஒரே ரூட்டில் டிக்கெட் கிழிக்கிறவனுக்கு எந்த வளைகுடாக்காரர் வீட்டு அலமாரி மேல் எது தூசி பிடித்துக் கிடக்கிறது என்று தெரியாதா? இப்போதெல்லாம் நான் கேட்கக்கூட வேண்டாம், ஸ்டாப்பில் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். காரோட்டு விமலகுமாரி டீச்சர் ஒரு கோணிப்பையை ஜன்னல் வழியாகத் திணித்து, "கண்டக்டரே, இதக் கொண்டு போவும். எனக்க மோன் பெங்களூருல படிக்கப் போயாச்சு, இது சும்மா இருந்து என்னைப் பாக்குது" என்றார். மறுநாள் அவருக்கு ஒரு குலை ஏத்தங்காய் கொடுத்தேன். பைக்குள் இருந்ததுதான் நம் ஏழிலும் மூத்தது, இரண்டு திருகு, திரையில் இரண்டு கோடு, நடுவில் ஒரு பந்து, வேறொன்றும் கிடையாது. அதியன்னூரிலிருந்து வந்தது டேப் ரெக்கார்டரில் கேசட் போட்டு ஆடுகிற வகை. ஆட்டம் ஏறுவதற்குள் ஐந்து நிமிஷம் அது போடுகிற கீச்சொலியில் பசு பால் சுரப்பதை நிறுத்திக்கொண்டது, ஜெஸி எனக்குச் சாயா போடுவதை நிறுத்திக்கொண்டாள். ஒருத்தி அமெரிக்காக்காரி, நம் ஊர் கரண்டை ஒரு வாய் குடித்ததும் புகை விட்டுப் பரலோகம் போனாள், இருந்தாலும் எண்ணிக்கைக்கு அவளையும் சேர்த்திருக்கிறேன். சீனாக்காரன் ஒருத்தனும் உண்டு, அவனுடைய மஞ்சள் கேசட்டின் மேல் ஒன்பது லட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ஆட்டங்கள் என்று அச்சடித்திருக்கிறது. நான் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன், ஆட்டம் ஏழுதான், மிச்சமெல்லாம் அந்த ஏழிலேயே சட்டையின் நிறத்தை மாற்றி வைத்தது. அதை அச்சடித்தவனை நேரில் கண்டால் காலில் விழுவேன் மகளே. ஐம்பது வயதுவரை புளுகியும் நான் எட்டாத உயரம் அது.

புதிதாகத் தட்டுப் போட்டு ஆடுகிற மெஷின் திருவனந்தபுரத்துக்கு வந்திருக்கிறதாம், அதில் ஆளுக்கு மூக்கு தெரியும், வேர்வைகூடத் தெரியும் என்கிறார்கள். எனக்கு வேண்டாம். நான்கு கட்டத்தால் செய்த ஆள் என்றால் அவன் முகம் யாருடைய முகம் என்று நாமே வைத்துக்கொள்ளலாம். பழையதில் ஒரே ஒரு சங்கடம்தான் உண்டு, பாதி ஆட்டத்துக்கு இரண்டு பேர் வேண்டும். ஜெஸியைக் கூப்பிட்டால் மீன் கருகுது என்கிறாள். ஆகவே வலது கை சத்தியதாஸ், இடது கை ஜிஜி என்று பிரித்துக்கொண்டு நானே ஆடுகிறேன். ஜெயிப்பது எப்போதும் இடது கைதான், நான் விட்டுக்கொடுக்கிறேன். கேசட்டுகளின் பல்லையெல்லாம் பென்சில் ரப்பரால் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருக்கிறேன், யார் வந்து ஆடப்போகிறார்கள் என்று ஜெஸி கேட்கிறாள். எத்தனை மெஷின் வந்தாலும் டூட்டி முடிந்து வந்து நாலு மணிக்கு நான் உட்காருவது அட்டாரியின் முன்னால்தான், நம் கிணற்று ஆட்டம்தான். அதே பயல், அதே விளக்கு, படிப்படியாக இறங்குகிறான், வவ்வாலுக்குக் குனிகிறான், பாம்பைத் தாண்டிச் சாடுகிறான், ஏழாம் படியில் கால் வைக்கப்போகும்போது கல் மறைந்துவிடுகிறது, விழுகிறான். பதிமூன்று வருஷமாக விழுகிறான். நீ போகிற அன்று ஏர்போர்ட்டில், மாமா நேத்து நான் ஏழாம் படி தாண்டியாச்சு என்று சொன்னாய். "ஏட்டி, எனக்கிட்டயே புளுவுதியா" என்று நான் சிரித்தேன், நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாய். உன்னை நான் கடைசியாகக் கண்டது அந்தத் திரும்பின முகத்தைத்தான். அதை இந்தக் கடிதத்தில் பிறகு நேராக்குகிறேன்.

இப்போது ஆன்டெனா விஷயத்துக்கு வருகிறேன். நம் இரண்டு வீட்டுக்கும் ஒரே கம்புதானே, அதிலிருந்து ஆளுக்கொரு ஒயர். கிழக்கே திருப்பினால் தமிழ், வடக்கே திருப்பினால் மலையாளம். அதற்காக நானும் அக்காவும் நடத்திய யுத்தங்களை எழுதினால் பைபிளைவிடத் தடிமனாக வரும். இந்த வருஷம் ஓணத்துக்குப் பிறகு நம் தெருவுக்குக் கேபிள் வந்துவிட்டது. கேபிள்கார ரதீஷ் வீடு வீடாக ஏறினான், எல்லோரும் கம்பைப் பிடுங்கிப் பந்தலுக்குக் கொடுத்துவிட்டார்கள். உன் அம்மா மட்டும் வாசலில் நின்று, வேண்டாம் என்றாள். "அம்மச்சீ, அம்பது சானல் உண்டாக்கும்" என்று அவன் கெஞ்சினான். "எனக்கு உள்ள ஒண்ணு மதி. அந்தக் கம்புல எவனாவது தொட்டா கைய ஒடிச்சு அடுப்புல வைப்பேன்" என்றாள். அந்தக் கம்பில் இப்போது வருவது வெறும் பொரிதான், செய்தி வாசிக்கிறவர் முகம் அரிசிப்பொரி மூட்டைக்குள் இருந்து பேசுகிற மாதிரி இருக்கும். அக்காவுக்கு வயசாகிறது, பிடிவாதம் முற்றுகிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். எனக்கும் கேபிள் எடுக்கக்கூடாது என்று சொன்னாள், பயந்துபோய் நானும் எடுக்கவில்லை.

சனிக்கிழமை பம்பையிலிருந்து வந்து உன் கடிதத்தை வாசித்துக்கொண்டிருக்கிறேன், வேலியைத் தாண்டி உன் அம்மா வருகிறாள். ஐந்து நாள் மலைப்பாதையில் பஸ்ஸில் குலுங்கி எலும்பெல்லாம் இடம் மாறி வந்திருக்கிற ஒரே தம்பியிடம், சுகமா, உண்டியா என்று கேட்கவேண்டாமா? கேட்கவில்லை. நேராக என்னிடம், "எலே சத்தியா, நீ பம்பைக்குப் போனா ஜெஸிக்குக் கை இல்லியா? அஞ்சு நாளா கெணறு சும்மா கெடக்கு. அந்தப் பயல ஒரு நாளாவது எறக்கி விடப்பிடாதா?" என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது இன்னதென்று அவளுக்கே தெரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டு வந்த வழியே போய்விட்டாள். நானும் ஜெஸியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் வீட்டில் மெஷின் கிடையாதே, கிணறு சும்மா கிடப்பது அவளுக்கு எப்படித் தெரியும் என்று டி.வி.க்குப் பின்னால் தவழ்ந்து ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன்.

தப்பு என்னுடையது. அட்டாரியோடு வந்த அந்தச் சின்னப் பெட்டி, ஆன்டெனாவுக்கும் கேமுக்கும் மாற்றுவது, நீ நர்சிங் கடைசி வருஷம் படிக்கும்போது உடைந்ததே, ஞாபகம் உண்டா? தினமும் ஒயரைக் கழற்றி மாட்டச் சோம்பல்பட்டு, நான் கேமின் ஒயரையும் ஆன்டெனா ஒயரையும் ஒன்றாக முறுக்கி டேப்பைச் சுற்றி வைத்தேன். இரண்டு வீட்டுக்கும் ஒரே கம்பு என்பதை மறந்துபோனேன். அன்று முதல் நம் வீட்டில் ஆடுகிற ஆட்டமெல்லாம் அந்த ஒயர் வழியாக வேலியைத் தாண்டி அக்காவின் டி.வி.க்கும் போய்க்கொண்டிருந்திருக்கிறது. நான்கு வருஷம் மகளே. நீ இங்கே ஆடியதும், நீ போன பிறகு நான் தனியாக விழுந்ததும், ஒன்று விடாமல்.

நேற்று ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து ஜெஸியை அட்டாரி முன்னால் உட்காரவைத்து, மீன் கருகினாலும் வீடே எரிந்தாலும் எழுந்திருக்காதே என்று சொல்லிவிட்டு அக்காவின் வீட்டுக்குப் போனேன். டி.வி. ஓடுகிறது, சத்தம் எறும்பு நடக்கிற அளவுக்கு. முன்னால் நாற்காலி, மடியில் முறம், முறத்தில் பயறு. திரையில் நம் பயல், நிறம் கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான். என்னைக் கண்டு அவள் எழுந்திருக்கவில்லை, மறைக்கவுமில்லை. ஜெஸி முதல் படியிலேயே மூன்று தடவை விழுந்தாள். "இது ஜெஸியாக்கும். பயலுக்கு நடக்கவே தெரியல்ல" என்றாள் உன் அம்மா. நான் ஆடினால் எப்படி இருக்கும் என்று கேட்டேன். "நீ கல்லுல நிண்ணு யோசிப்ப, பெறவு சாடுவ. அதாக்கும் விழுத. பிள்ளை அப்பிடி இல்ல. கால் கல்லுல படும்முன்ன அவ அடுத்த கல்லுல இருப்பா" என்றாள். பயல் நடக்கிற நடையைப் பார்த்தே ஆடுவது யாரென்று அவளுக்குத் தெரியும். நீ காலேஜ் விட்டு நேராக என் வீட்டுக்கு வந்த நாளிலெல்லாம் பயல் இறங்க ஆரம்பித்ததும், பிள்ளை வந்தாச்சு என்று அங்கே உனக்குச் சாயா வைப்பாளாம். நீ வேலி தாண்டிப் போகும்போது சாயா எப்போதும் சூடாக இருந்ததே, அது எப்படி என்று நீ யோசித்திருக்கிறாயா? நான் யோசித்ததில்லை.

நீ போவதற்கு முந்தின நாள் உச்சைக்கு நீங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டு, நீ கோபித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாயே. நான் அன்று டூட்டியில், ஜெஸி சந்தையில். நீ தனியாக உட்கார்ந்து ஆடினாய், அங்கே அவள் தனியாக உட்கார்ந்து பார்த்தாள். "அவ அழுதுட்டு ஆடுதாளா, அழாம ஆடுதாளாண்ணு தெரியல்ல சத்தியா. பயல் மட்டும் எறங்கிட்டே போனான். ஏழாம் படியில வந்தான், ஒரு படி திரும்ப மேல ஏறினான், நிண்ணான். பெறவு எப்பிடியோ சாடி அந்தால போயிட்டான். எட்டு, ஒம்பது, பத்து. அடியில தண்ணி உண்டு. தண்ணிக்குள்ள ஒரு நட்சத்திரம் கெடக்கு" என்றாள். பதிமூன்று வருஷம் ஆடிய நான் காணாத அடித்தட்டை, ஒரு நாளும் ஆட்டத்தைத் தொடாத என் அக்கா கண்டிருக்கிறாள். நீ சொன்னது உண்மை. ஏர்போர்ட்டில் சிரித்ததற்கு உன் காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்கிறேன், உலகத்தில் எல்லோரும் என்னைப் போலத்தான் என்று நினைத்துவிட்டேன். உனக்குச் சாட்சி இருந்திருக்கிறது. அந்தச் சாட்சி மூன்று வருஷமாகத் தினமும் நாலு மணிக்கு டி.வி.யைப் போட்டு, நான் ஆடுவேன் என்று தெரிந்தும், ஒருவேளை பயல் வேறு மாதிரிச் சாடிவிடுவானோ என்று பார்த்துக்கொண்டிருக்கிறது.

பிறகு பயறு உரித்துக்கொண்டே கேட்டாள். "அவளுக்க கை என்ன செய்துச்சுண்ணு ஒனக்குத் தெரியுமா? டி.வி.யில பயலத்தான் காணும், பிள்ளைக்க கையக் காணாதே." எனக்குத் தெரியாது, அதை அவளிடம்தான் கேட்கவேண்டும் என்றேன். முறத்தில் இருந்த பயறு முழுவதையும் உரித்துத் தீர்த்தாள். கடைசியில், "எண்ணைக்கு விளிப்பா?" என்றாள். என் காதை நம்பாமல் என்னது என்றேன், நீ என்றைக்குப் போன் செய்வாய் என்று அவள் எரிச்சலோடு இன்னொரு தடவை கேட்டாள்.

ஆகவே டிசம்பர் பதினொன்றாம் தேதி வெள்ளிக்கிழமை சாயங்காலம் நம் மணிக்கு நாலு, உங்கள் மணிக்கு இரண்டரை, சுந்தரதாசின் பூத்துக்கு நீ போன் செய்யவேண்டும். உனக்கு அன்று டூட்டி இருந்தால் யாரிடமாவது கெஞ்சி மாற்றிக்கொள். அவள் உன்னிடம் சுகம்கூடக் கேட்கமாட்டாள், ஏழாம் படியைத்தான் கேட்பாள். நீ அழாதே, கோபம் போச்சா என்று கேட்காதே, அந்த வழிக்கே போகாதே, அவள் போனை வைத்துவிடுவாள். கிணற்றைப் பற்றி மட்டும் பேசு. ஆனால் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லிவிடவும் கூடாது. ஏன் ஒரு படி திரும்ப ஏறினாய் என்பதை அன்று சொல், எப்போது சாடினாய் என்பதை அடுத்த வெள்ளிக்கு வை. கையெழுத்து விஷயத்தில் நான் உனக்குப் புத்தி சொல்ல வரவில்லை. உன் வேலை நல்ல வேலை, நீ அங்கே எத்தனை பேருடைய வலியைக் குறைக்கிறாய் என்று எனக்குத் தெரியும். இரண்டு வருஷம் போட்டாலும் சரி, அதற்கு முன்னால் ஒரு மாதம் லீவு கேள்.

இன்று காலை டூட்டிக்குப் போகுமுன் நான் இரண்டாவது ஜாய்ஸ்டிக்கைத் துடைத்து எடுத்துக்கொண்டு போய், அக்கா, நீயே ஒரு தடவை ஆடிப் பாரேன், பார்த்துப் பார்த்து உனக்கே எல்லாம் தெரியுமே என்று அவள் கையில் வைத்தேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உன் கட்டைவிரல் பட்டுப் பட்டு ஒரு பக்கம் ரப்பர் தேய்ந்திருக்கிறதல்லவா, அந்த இடத்தில் தன் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு என்னிடமே திருப்பித் தந்து, "எனக்கு வேண்டாம். பிள்ளை வந்து காட்டட்டு" என்றாள். வந்து என்று சொன்னாள் மகளே. நான் சேர்த்தது இல்லை. இந்தக் கடிதத்தில் எதை வேண்டுமானாலும் பாதியாகக் குறைத்துக்கொள், விரால் மீனை முழுவதும் வெட்டித் தள்ளிவிடு, ஆனால் இந்த ஒரு வார்த்தையைக் குறைக்காதே, இது அவள் வாயிலிருந்து வந்த அளவிலேயே எழுதியிருக்கிறேன்.

வெயிலில் குடையில்லாமல் நடக்காதே, டப்பாவில் அடைத்த மீனைத் தின்னாதே, ஞாயிறு டூட்டியானாலும் இரண்டு நிமிஷம் ஜெபித்துவிட்டுப் போ. உன் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காத்துக்கொள்வாராக. பதினொன்றாம் தேதி, உங்கள் மணிக்கு இரண்டரை, மறக்காதே. அவள் இப்போதே சேலை எடுத்து வைத்துவிட்டாள்.

உனக்காக வாசலையும் ஏழு மெஷின்களையும் துடைத்து வைத்துக் காத்திருக்கும்,
தாய்மாமன்
ஆ. சத்தியதாஸ்